வகையறாக்கள் உட்கார ஒரு கூடம்

அந்தக் கோர்ட்டில் லிஸ்ட் அக்காவைத் தெரியாதவர்கள் இரண்டே வகை. வம்பு வழக்கு என்று எதற்கும் போகாத புண்ணியவான்கள் ஒரு வகை. புதிதாக மாற்றலாகி வந்த நீதிபதிகள் இன்னொரு வகை. இவர்களுக்கும் ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். அக்கா ஒருநாள் லீவு போட்டால் போதும், மறுநாள் யார் வழக்கு எந்த அறையில் என்று புரியாமல் கட்டிடம் முழுக்கக் கூச்சலாக இருக்கும்.

அவள் செய்யும் வேலை கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும். மறுநாள் விசாரணைக்கு வரும் வழக்குகளின் பட்டியலை மாலையில் தட்டச்சு செய்து, காலை எட்டரைக்கு வாசல் பலகையில் ஒட்ட வேண்டும். வழக்கு எண், யாருக்கும் யாருக்கும் சண்டை, எந்தக் கோர்ட். அவ்வளவுதான். ஆனால் அந்தப் பலகை ஒரு கதவின் அகலம்தான் இருக்கும். அதிலும் பாதியை ஏல அறிவிப்புகளும், காணாமல்போன ரப்பர் முத்திரை பற்றிய பழைய சுற்றறிக்கையும் பிடித்துக்கொண்டிருந்தன. மிச்ச இடத்தில் நாலு தாள் ஒட்டலாம். ஐந்தாவதை ஒட்டினால் பக்கத்துக் கதவைத் திறக்கும்போதெல்லாம் கிழியும். கோர்ட்டுகள் நாலு, தாள்களும் நாலு என்று எப்போதோ யாரோ முடிவு கட்டிவிட்டார்கள்.

பாகப்பிரிவினை வழக்கென்றால் ஒரு பக்கம் அண்ணன் தம்பி ஐந்து பேர், எதிர்ப்பக்கம் அத்தைமார் மூன்று பேர், செத்துப்போன சித்தப்பாவின் வாரிசுகள் எட்டுப் பேர் என்று ஒரு பஸ் நிறைய ஆள் வந்து நிற்கும். இத்தனை பேரையும் எழுதினால் ஒரு வழக்குக்கே அரைத்தாள் போய்விடும். அதனால் முதல் ஆளின் பெயரை மட்டும் எழுதி, பின்னால் 'வகையறா' என்று போட்டுவிடுவது வழக்கம். அக்கா வேலைக்குச் சேர்வதற்கு முன்பே இருந்த பழக்கம் இது. அவள் அதில் கை தேர்ந்துவிட்டாள், அவ்வளவுதான். எந்த நாளாக இருந்தாலும், எத்தனை வழக்காக இருந்தாலும், நாலு தாளுக்குள் அடக்கிவிடுவாள். இருபத்தேழு வருஷத்தில் ஒருநாள்கூட ஐந்தாவது தாள் கேட்டதில்லை. இதில் அவளுக்குக் கர்வம் உண்டு. அதை அவள் மறைத்ததும் இல்லை.

கட்டிடத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் மற்றது எதுவும் புரியாது. ஒரே ஒரு நீதிபதிக்காகக் கட்டிய கோர்ட் அது. இப்போது நாலு நீதிபதிகள். இரண்டு கூடங்களையும் மரத்தடுப்பு வைத்து நாலாக்கியிருந்தார்கள். தடுப்புக்கு இந்தப் பக்கம் நீதிபதி 'நீங்க அங்க இருந்தீங்களா இல்லையா?' என்று அதட்டினால், அந்தப் பக்கம் கூண்டில் நின்ற சாட்சி 'இருந்தேங்க' என்று பதறிச் சொல்லிவிடுவார். ஒரு சைக்கிள் திருட்டு வழக்கு இப்படியே முடிந்தது. பழைய ஆவணக் கட்டுகள் குளியலறை வரைக்கும் போய்விட்டன. நடைபாதையில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். இருப்பது இரண்டு பெஞ்சு. விவாகரத்து கேட்ட பெண் ஒரு முனையிலும் அவள் கணவன் மறுமுனையிலும் உட்கார்ந்திருப்பார்கள், நடுவில் கைவிலங்கு போட்ட ஒருவர் போலீஸ்காரரோடு உட்கார்ந்து இரண்டு பேருக்கும் தடுப்புச்சுவராக இருப்பார். மற்றவர்கள் எல்லாம் நின்றார்கள். காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை, வயிற்றுப்பிள்ளைக்காரியும் முழங்கால் வலிக்காரரும் உட்பட, நின்றார்கள்.

அக்காவும் அதில் தப்பவில்லை. முதல் ஏழு வருஷம் அவளுக்கு இடம் மாடிப்படியின் நடுத்தட்டு. அங்கேதான் ஒரு மேஜையும் தட்டச்சு இயந்திரமும். மகள் வயிற்றில் இருந்தபோதுகூட ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் அவள் தோளை இடித்துக்கொண்டே போனார்கள். அப்புறம் ஒன்பது குமாஸ்தாக்களுக்கு ஐந்து மேஜை என்று ஓர் அறை கிடைத்தது. அவளுக்கும், சின்னவள் என்று எல்லோரும் கூப்பிடும் இளைய குமாஸ்தாவுக்கும் சேர்த்து ஒரு மேஜை. எதிரெதிரே உட்கார்ந்தால் முழங்கால் முட்டும். இடது டிராயர் அக்காவுடையது, வலது டிராயர் சின்னவளுடையது. ஒருவர் எழுந்தால்தான் இன்னொருவர் டிராயரை முழுசாகத் திறக்க முடியும். இருபது வருஷம் இப்படி முட்டிக்கொண்டே இருந்ததில் இரண்டு பேரும் கூடப்பிறந்தவர்களைப் போல ஆகியிருந்தார்கள்.

இந்த நிலையில்தான் புதுக் கோர்ட் கட்ட உத்தரவு வந்தது. ஊரின் மறுகோடியில், பஸ் பணிமனைக்குப் பின்னால் இடமும் ஒதுக்கியாகிவிட்டது. முதன்மை நீதிபதி அக்காவைக் கூப்பிட்டு ஒரு படிவத்தைக் கொடுத்தார். எத்தனை அறை வேண்டும், எத்தனை அலமாரி, எத்தனை ஊழியர், தினமும் எத்தனை பொதுமக்கள் வருகிறார்கள் என்று பதினாறு பக்கம்.

"இந்தக் கட்டிடத்தில எது எங்க இருக்குன்னு உங்களைவிடத் தெரிஞ்சவங்க யாரும் இல்லை. நீங்களே நிரப்பிடுங்க" என்றார்.

அக்கா மூன்று வாரம் ராப்பகல் பாராமல் அதில் மூழ்கினாள் என்றெல்லாம் நான் கதை விடமாட்டேன். ஆபீஸ் நேரத்தில்தான் செய்தாள். ஆனால் ஒழுங்காகச் செய்தாள். பொதுமக்கள் எண்ணிக்கை என்ற கட்டம் வந்ததும், ஒரு மாதத்து லிஸ்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு பெயர்களை எண்ணினாள். ஒரு நாளுக்குச் சராசரியாக நூற்றிருபது வழக்கு, வழக்குக்கு இரண்டு பெயர், இருநூற்று நாற்பது. சாட்சிகளுக்காகக் கொஞ்சம் கூட்டி இருநூற்று அறுபது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். தன் லிஸ்டில் தனக்கு இருந்த நம்பிக்கையில், வாசலில் நின்று தலைகளை எண்ண வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

ஆறு மாதத்தில் வரைபடம் வந்தது. இன்ஜினியர் அதன் நகலை மேஜையில் விரித்ததும் ஒன்பது குமாஸ்தாக்களும் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு ஓடிவந்தார்கள். தரைத்தளத்தில் இருநூற்று அறுபது நாற்காலி போடும்படி ஒரு காத்திருப்புக் கூடம். அதை ஒட்டி, ஏறக்குறைய அதே அளவில், மூன்று ஜன்னல் வைத்த அலுவலக அறை. ஆளுக்கு ஒரு மேஜை. மூலையில் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு சின்ன அறை, தலைமை எழுத்தருக்கு. பழைய தலைமை எழுத்தர் அடுத்த வருஷம் ஓய்வு பெறுகிறார். அடுத்தது அக்காதான் என்பது எழுதாத சாசனம்.

"அக்கா, அங்க போனா கதவைத் தட்டிட்டுத்தான் உள்ள வரணுமா?" என்று சின்னவள் கேட்டாள்.

"மூணு தட்டு தட்டணும். ரெண்டு தட்டினா திறக்கமாட்டேன்."

அன்று முழுக்க அறையில் ஒரே சிரிப்பு. சின்னவள் தனக்கு நடு ஜன்னலைப் பென்சிலால் குறித்துவைத்தாள்.

அக்கா ஒரு நகலை வீட்டுக்கு எடுத்துப் போனாள். அவள் கணவர் குழாய் வேலை செய்கிறவர். எந்த வரைபடத்தைக் கொடுத்தாலும் முதலில் கழிப்பறையைத்தான் பார்ப்பார்.

"ஏம்மா, ஒரு நாளைக்கு எத்தனை பேரு வருவாங்க?"

"இருநூத்தி அறுபது."

"உன் கோர்ட்டுக்கா? போன மாசம் உனக்கு மூக்குக்கண்ணாடி குடுக்க வந்தேனே, வாசல்லயே அவ்வளவு பேரு நின்னாங்களே."

"நீங்க எல்லாத்தையும் பெருசாத்தான் பாப்பீங்க. உங்க தங்கச்சி கத்தரிக்கா சைஸ் சொல்ற மாதிரி" என்று நாத்தனாரையும் சேர்த்து ஒரு பிடி பிடித்துவிட்டு, வரைபடத்தைச் சுருட்டி வைத்தாள்.

அஸ்திவாரம் முடிந்து தூண்கள் எழும்பின. அந்த சமயத்தில் மூன்றாவது கோர்ட்டில் ஒரு பழைய பாகவழக்கு சமரசத்துக்கு வந்தது. கட்சிக்காரர்கள் அத்தனை பேரும் நேரில் வரவேண்டும் என்று உத்தரவு. காலையில் அக்கா நாலு தாளையும் ஒட்டிவிட்டுத் திரும்பும்போது, துணிப்பையை அக்குளில் இடுக்கிய ஒருவர் பலகையில் விரலை ஓட்டிக்கொண்டிருந்தார். அறுபது வயதிருக்கும். மேலிருந்து கீழே வந்து, மறுபடி மேலே போய், மறுபடி கீழே வந்தது அந்த விரல்.

"அம்மா, என் பேரு எங்க இருக்கு?"

அக்கா அவரிடம் வழக்கு எண்ணைக் கேட்டாள். ஒரு நொடியில் காட்டினாள். "இதோ இருக்குங்களே. மூணாவது கோர்ட்டு, பதினாலாவது கேஸ்."

"இது எங்க பெரியப்பா மகன் பேரு. அவரு தவறி நாலு வருஷமாச்சு. நான் என் பேரைக் கேட்டேன்."

"நீங்க எத்தனாவது பிரதிவாதி?"

"ஒம்பதாவது."

"அப்ப நீங்க வகையறாவில வந்துருவீங்க."

அவர் அந்தச் சொல்லைக் கண்டுபிடித்து அதன்மேல் விரலை வைத்தார். கொஞ்ச நேரம் எடுக்கவில்லை. "பதினோரு வருஷமா வர்றேன். இதுதான் நான்னு தெரியாமப் போச்சு" என்றார். பிறகு கேட்டார்: "சரிம்மா, வகையறா எல்லாம் எங்க நிக்கணும்?"

அவர் குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே இடம் கேட்டார். நடைபாதையில் நில்லுங்கள் என்று சொல்ல வாயெடுத்த அக்கா திரும்பிப் பார்த்தாள். அந்த ஒரு வழக்குக்கு மட்டும் இருபத்து மூன்று பேர் வந்திருந்தார்கள். நடைபாதையில் இடமில்லாமல் மாடிப்படியில் வரிசையாக நின்றிருந்தார்கள். அவள் லிஸ்டில் அது இரண்டு பெயர். அவள் படிவத்திலும் அது இரண்டே ஆள்.

ஒன்பதாம் பிரதிவாதிக்கு என்ன பதில் சொன்னோம் என்பதே அவளுக்குப் பிற்பாடு நினைவில்லை.

அடுத்த மூன்று நாள் காலையில் அவள் சீக்கிரமே வந்து, வாசலுக்கு எதிரே டீக்கடை ஓரம் நின்று தலைகளை எண்ணினாள். நாலு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுத்து, லிஸ்ட் தாளின் பின்பக்கத்திலேயே குறித்தாள். முதல் நாள் ஐந்நூற்று நாற்பத்தெட்டு. இரண்டாம் நாள் ஐந்நூற்றுத் தொண்ணூறு. மூன்றாம் நாள் அறுநூற்றைத் தொட்டு நின்றது. டீக்கடைக்காரர், "என்னக்கா, எலெக்சனா?" என்று கேட்டார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த நாலாவது நாளே போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இன்ஜினியர் அளவு பார்க்க வந்தபோது பேச்சோடு பேச்சாகக் கேட்டாள்: "சும்மா தெரிஞ்சுக்கத்தான் சார். ஒருவேளை கூடம் பத்தலைன்னா பிற்பாடு பெருசாக்க முடியுமா?"

"எங்க மேடம் பெருசாக்க? மூணு பக்கம் பாரம் தாங்குற சுவரு. உங்க ஆபீஸ் ரூம் பக்கம் இருக்கிற சுவரு ஒண்ணுதான் சும்மா மறைப்பு. அதைக் கட்டாம விட்டா ரெண்டும் ஒண்ணாயிடும், நெருக்கிப் போட்டா அறுநூறு சீட் போடலாம். ஆனா நீங்கல்லாம் எங்க உக்காருவீங்க?" என்று சிரித்தார். "அடுத்த மாசம் அந்தச் சுவரு எழுப்பிடுவோம். கவலைப்படாதீங்க."

அவர் கவலைப்பட வேண்டாம் என்று சொன்னதிலிருந்து அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. அவளை நல்லவள் என்று காட்டுவதற்காக நான் இங்கே எதையும் பூசி மெழுகப் போவதில்லை. அவளுக்கு அந்தக் கண்ணாடிக் கதவு வேண்டும். இருபத்தேழு வருஷம் தோளில் இடி வாங்கியவளுக்கு, தட்டிவிட்டு உள்ளே வரவேண்டிய ஒரு கதவு வேண்டும் என்பது பேராசையா? தப்பை ஒப்புக்கொண்டால் விளக்கம் கேட்பார்கள், அது பணிப்பதிவேட்டில் ஏறும், பதவி உயர்வு கைநழுவும். அவளோடு போகாமல், மற்ற எட்டுப் பேரின் ஜன்னலும் மேஜையும் சேர்ந்து போகும். வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியாது. ஜனங்கள் எப்போதும்தானே நிற்கிறார்கள், இனியும் நிற்கட்டும் என்று ஒரு மனம் சொன்னது. அந்த மனம் அவளுடையதுதான். வேறு யாரும் வந்து சொல்லித் தரவில்லை.

எட்டாம் நாள் சாயங்காலம் கணவரிடம் கொட்டிவிட்டாள். 'அன்னைக்கே சொன்னேனே' என்று அவர் ஆரம்பித்திருந்தால் தட்டு பறந்திருக்கும். அவர் அதைச் சொல்லவில்லை.

"சுவரு எழுப்பிட்டாங்களா?"

"அடுத்த மாசம்."

"தப்பான குழாயைப் பூசுறதுக்கு முன்னாடி சொன்னா வீட்டுக்காரன் திட்டுவான். பூசின பிறகு சொன்னா அடிக்க வருவான். நான் ரெண்டும் வாங்கியிருக்கேன்."

"சொல்லாமலே விட்டா?"

"அதுவும் செஞ்சிருக்கேன்" என்றார் அவர். "அந்தத் தெருப் பக்கம் இன்னும் நான் போறதில்லை."

ஒன்பதாம் நாள் காலையில் அவள் முதன்மை நீதிபதியின் அறைக்குப் போனாள். படிவத்தின் நகலையும், கோடு போட்ட மூன்று தாள்களையும் மேஜைமேல் வைத்து, மறைப்புச் சுவரைப் பற்றி இன்ஜினியர் சொன்னதையும் சொன்னாள். அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது யார் போட்ட கணக்கு?"

"ரெண்டும் நான் போட்டது சார். முதல்ல போட்டது தப்பு."

"எப்படித் தப்பாச்சு?"

"வகையறாவை ஒரு ஆளா எண்ணிட்டேன் சார்."

அவர் சிரிக்கவில்லை. நாற்காலியைப் பின்னால் தள்ளி ஜன்னல் வழியாக நடைபாதையைப் பார்த்தார். தினமும் பார்க்கிற கூட்டம்தான். "நானும் அந்தப் படிவத்தில கையெழுத்துப் போட்டேன்" என்றார் கடைசியில். "ஆனா விளக்கம் உங்ககிட்டதான் கேப்பாங்க. தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

"உங்க ஆபீஸ் ரூம் போயிடும்."

"தெரியும் சார்." அப்போதுதான் அவள் குரல் உடைந்தது.

பிறகு எல்லாம் எதிர்பார்த்த மாதிரியே நடந்தது. அந்த மறைப்புச் சுவர் எழும்பவில்லை. விளக்கக் கடிதம் போனது. பதிவேட்டில் ஒரு வரி ஏறியது. பதவி உயர்வு இரண்டு வருஷம் தள்ளிப் போனது. தலைமை எழுத்தர் நாற்காலி சின்னவளுக்குப் போனது. குமாஸ்தாக்களுக்கு மாடியில், ஆவண அறைக்குப் பின்னால், ஜன்னல் இல்லாத நீளமான ஓர் இடம் ஒதுக்கப்பட்டது. அந்தச் சேதி வந்த அன்று சின்னவள் வரைபடத்தை நாலாக மடித்துக் குப்பைக்கூடையில் போட்டாள்.

"ஒரு வார்த்தை எங்ககிட்ட கேட்டிருக்கலாம்ல அக்கா?" என்றாள்.

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்ப?"

"வேணாம்னு சொல்லியிருப்பேன்."

"அதான் கேக்கலை."

அதோடு பேச்சு நின்றது. புதுக் கட்டிடம் முடியும்வரை, ஒரே மேஜையில் முழங்கால் முட்ட உட்கார்ந்துகொண்டு, ஒருவர் டிராயரைத் திறக்க இன்னொருவர் எழுந்து வழிவிட்டுக்கொண்டு, அவர்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. மற்றவர்கள் லிஸ்ட் அக்கா என்ற பெயரை மாற்றி, வகையறா அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். முதுகுக்குப் பின்னால் என்றால் பரவாயில்லை, நேருக்கு நேராகவே கூப்பிட்டார்கள்.

புதுக் கோர்ட் திறந்தார்கள். உண்மையிலேயே நல்ல கட்டிடம். நாலு கோர்ட்டுக்கும் நாலு கூடம், நடுவில் தடுப்பில்லை, ஒருவர் கேள்விக்கு இன்னொருவர் பதில் சொல்லும் தமாஷ் இல்லை. கைதிகளுக்குத் தனி வழி. கீழே காத்திருப்புக் கூடத்தில் அறுநூறு நாற்காலி, வரிசை வரிசையாக. வழக்கு எண்ணையும் பெயரையும் கூப்பிட ஒலிபெருக்கி. வேலை தொடங்கிய முதல் திங்கட்கிழமை அக்கா அரைமணி முன்பே வந்து மாடிப்படிப் பக்கம் நின்றாள். ஜனங்கள் வந்து உட்காருவதைப் பார்க்கத்தான்.

ஜனங்கள் வந்தார்கள். உட்காரவில்லை. கூடத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு நேரே போய் நாலு கோர்ட் வாசலிலும் மொய்த்துக்கொண்டு நின்றார்கள். மூன்று முறை கூப்பிட்டு ஆள் வராவிட்டால் வழக்கு போய்விடும் என்ற பயம் எலும்பில் ஊறிய கூட்டம் அது. ஒலிபெருக்கியை அவர்கள் நம்பவில்லை. நாற்காலியையும் நம்பவில்லை. பத்தரை மணிக்கு அறுநூறு நாற்காலியில் நாற்பது பேர் இருந்தார்கள். அதிலும் பாதிப்பேர் துணைக்கு வந்தவர்கள்.

மாடியிலிருந்து இறங்கிய ஒரு குமாஸ்தா கூடத்தைப் பார்த்து, "நம்ம ஜன்னலை எல்லாம் வித்து நாற்காலி வாங்கினாங்க. நல்லா காத்து வாங்குது" என்று சொல்லிக்கொண்டே போனார். சின்னவள் அவர் பின்னால் வந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அக்காவுக்கு அதிகம் சுட்டது. பெண்கள் கழிப்பறைக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்டு அழுதாள். முட்டாள்தனமாக எல்லாவற்றையும் வாரிக் கொடுத்துவிட்டோம், யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று வாய்விட்டே அழுதாள்.

முகம் கழுவிக்கொண்டு வந்தபோது, முதல் கோர்ட் வாசலில் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்ற ஒரு பெண்ணிடம் கேட்டாள்: "ஏம்மா, அங்க அவ்வளவு இடம் இருக்கே, உக்காந்தா என்ன?"

"நம்ம பேரு லிஸ்ட்ல இல்லைங்க. உக்காந்துட்டா மறந்துருவாங்க" என்றாள் அந்தப் பெண், சாதாரணமாக.

அக்கா கூடத்துக்கு வந்து பலகையைப் பார்த்தாள். புதுப் பலகை கூடத்தின் ஒரு சுவர் நீளத்துக்கு இருந்தது. அதன் இடது மூலையில் அவளுடைய நாலு தாள்கள் ஒட்டியிருந்தன. மிச்சமெல்லாம் வெறுமையாக இருந்தது. இவ்வளவு இடம் கிடைத்த பிறகும் நாலே தாளில் அடக்கிக் கொண்டுவந்து ஒட்டியது அவள்தான். வேறு யாரும் அடக்கச் சொல்லவில்லை.

அன்று மாலை அவள் லிஸ்ட் தட்டச்சு செய்தபோது வகையறா என்ற சொல்லைப் போடவில்லை. ஒவ்வொரு வழக்குக் கட்டையும் பிரித்து, வாதி ஒன்று, வாதி இரண்டு, பிரதிவாதி ஒன்பது, சாட்சி நாலு என்று எல்லாப் பெயரையும் அடித்தாள். இறந்துபோனவர் பெயருக்குப் பக்கத்தில் வாரிசின் பெயரைப் போட்டாள். விரல் நுனி மரத்துப் போனது. முடித்தபோது பதினைந்து தாள். லிஸ்டின் ஒவ்வொரு தாளிலும் தலைமை எழுத்தர் கையெழுத்து வேண்டும். அக்கா அந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு சின்னவளின் மேஜைக்குப் போனாள். ஜன்னல் இல்லாத அந்த இடத்தில் தட்டுவதற்குக் கதவும் இல்லை. அக்கா மேஜையில் விரலால் மூன்று முறை தட்டினாள். வேண்டுமென்று செய்யவில்லை, கை தானாகத் தட்டியது.

சின்னவள் முதல் தாளைப் படித்தாள். இரண்டாவதைப் படித்தாள். பிறகு படிப்பதை விட்டுவிட்டுக் கையெழுத்து மட்டும் போட்டுக்கொண்டே போனாள். பதினோராவது தாளில் பேனாவை வைத்துவிட்டு மணிக்கட்டை உதறினாள்.

"தினமும் இப்படியா?" என்றாள். எட்டு மாதத்துக்குப் பிறகு முதல் பேச்சு.

"தினமும்தான்."

"அப்ப மூணாவது கோர்ட்டையும் நாலாவதையும் நான் அடிக்கிறேன். நீ ஒருத்தியே அடிச்சா ராத்திரி ஆயிடும்" என்று சொல்லிவிட்டு, மிச்ச நாலு தாளிலும் கையெழுத்துப் போட்டாள். இருபது வருஷமாக 'நீங்க' என்று சொல்லிவந்தவள் 'நீ' என்றதை அக்கா கவனித்தாள். மரியாதை குறைந்ததாக அவளுக்குப் படவில்லை.

மறுநாள் காலை பலகை முன்னால் பெரிய நெரிசல். விரல்கள் தாள்களில் ஊர்ந்தன. தன் பெயரைக் கண்டவர்கள் பக்கத்திலிருப்பவரைக் கூப்பிட்டுக் காட்டினார்கள், என்னவோ பரீட்சையில் தேறிவிட்ட மாதிரி. சிலர் அதன் பிறகும் கோர்ட் வாசலிலேயே போய் நின்றார்கள். சிலர் நாற்காலியின் நுனியில், எழுந்து ஓடத் தோதாக, உட்கார்ந்தார்கள். ஆனால் நாள் போகப் போக நுனியில் உட்கார்ந்தவர்கள் சாய்ந்து உட்கார்ந்தார்கள். மூன்றாவது வாரத்தில் ஒருவர் குறட்டை விட்டுத் தூங்கி, ஒலிபெருக்கி அவர் பெயரைச் சொன்னதும் பக்கத்து வரிசையே சேர்ந்து அவரை எழுப்பி அனுப்பியது.

அதோடு இன்னொன்றும் நடந்தது. நம் பேர் எங்கே இருக்கப் போகிறது என்று இத்தனை நாள் வராமலே இருந்த கட்சிக்காரர்களும், பெயர் இருக்கிறது என்று கேள்விப்பட்டு வர ஆரம்பித்தார்கள். ஐந்தாவது வாரம் ஒரு புதன்கிழமை, பதினொரு மணிக்கு, அக்கா மாடிப்படியில் நின்று கூடத்தைப் பார்த்தாள். அறுநூறு நாற்காலியும் நிரம்பிவிட்டது. சுவரோரம் ஆட்கள் நின்றார்கள். ஒவ்வொரு தலையாக எண்ணினாள். பதினேழு பேர். திரும்ப எண்ணினாள். பதினேழேதான்.

மறுபடியும் அவள் கணக்குத் தப்பு. போன தடவை அதைச் சொல்ல ஒன்பது நாள் பிடித்தது. இந்தத் தடவை எண்ணிய கையோடு படியேறி, முதன்மை நீதிபதியின் கதவைத் தட்டினாள்.

"சார், பதினேழு பேருக்கு இடம் பத்தலை. நான் போட்ட அறுநூறும் தப்பு."

அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடினார். "இப்ப எந்தச் சுவரை எடுக்கச் சொல்றீங்க?"

"சுவரு வேணாம் சார். நாலு பெஞ்சு போதும்" என்றாள் லிஸ்ட் அக்கா. "இன்னைக்கே வந்தா நல்லது. நிக்கிறவங்கள்ல ரெண்டு பேரு வயசானவங்க."